இன்றைக்கு நடுவில் யார்

"அந்தப் புள்ள நடுவுல வந்து நிக்குமுங்கறீங்க? எனக்கென்னமோ நம்பிக்கை இல்லீங்க டீச்சர்" என்று தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஆறுச்சாமி அண்ணனின் குரல் கேட்டது. தொட்டிக்கு இந்தப் பக்கம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ரேணுகா குழாயை மூடவில்லை. மூடினால் சத்தம் நின்றுவிடும், நின்றால் இந்தப் பக்கம் யாரோ இருப்பது தெரிந்துவிடும், தெரிந்தால் எட்டிப் பார்ப்பார்கள், பார்த்தால் ஒன்றும் காதில் விழாத முகம் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும், அந்த முகம் அவளுக்கு வராது. "வந்தா வரட்டும், வராட்டி நான் நின்னுக்கறேன், அதுக்கென்ன" என்றார் லீலாவதி டீச்சர். டீச்சர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆறுச்சாமி அண்ணனும் கேலியாகச் சொல்லவில்லை. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நிற்கிற கூட்டத்தில் யார் அடுத்த ஸ்டாப்பில் இறங்குவார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம், அந்தப் பழக்கத்தில் சொன்னதுதான். அதனால்தான் சுருக்கென்றது. இறங்கிப் போகிற முகம். அப்படி ஒரு முகம் இருக்குமா, நெற்றியிலா, கண்ணிலா, எங்கே எழுதியிருக்கும் அது, கண்ணாடியில் பார்த்தால் தெரியுமா? தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சுடிதார்க் கையை நனைத்தது. தை பிறந்தும் உடுமலையில் குளிர் விடவில்லை. மலைப்பக்கமிருந்து வந்த காற்று நனைந்த கையைத் தேடிப் பிடித்துக் கிள்ளியது. அந்தக் குளிரும் நன்றாகத்தான் இருந்தது, இந்த நேரத்தில் அது நன்றாக இருந்திருக்கவே கூடாது என்றாலும்.

அவர்கள் போன திசைக்கு எதிர்த் திசையில் கிளம்பினாள், அதுதான் தப்பாகிவிட்டது. நகராட்சிப் பூங்காவின் நடைபாதையில் எல்லோரும் வலம் வருவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பலகை எதுவும் மாட்டியில்லை, கோயில் பிரகாரத்தைச் சுற்றுகிற கால்கள் தாமாகவே அப்படித் திரும்பிக்கொள்ளும். ரேணுகா மட்டும் இன்று இடமாக வந்துகொண்டிருந்தாள். அடுத்த விளக்குக் கம்பத்துக்கு வருவதற்குள் புரிந்துவிட்டது, ஆனால் புரிந்த இடத்தில் சட்டென்று திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்தவள் என்று நினைப்பார்கள், அல்லது யாரையோ பார்த்துப் பயந்தவள் என்று. மறந்ததுபோல நெற்றியில் தட்டிக்கொண்டு திரும்பலாமா? அந்த நடிப்புக்கு வேறு பயிற்சி வேண்டும். அதனால் நடந்தாள். நடந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எல்லோரும் எதிரே வருகிறார்கள். வழக்கமாக அவளுக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள்தான், முதுகுகளை அவளுக்கு நன்றாகத் தெரியும், எந்தச் சட்டையில் எந்தப் பக்கம் வேர்வை முதலில் படரும் என்பது வரைக்கும். முகங்கள் வேறு விஷயம். முதல் தடவை எதிர்ப்படும்போது சிரித்தாள், பல் தெரிய, சரி. இரண்டாவது தடவை பாதிச் சிரிப்பு. மூன்றாவது தடவைக்கு என்ன செய்வது? முழுதாகச் சிரித்தால் அதற்குள் மறந்துவிட்டாளா என்று தோன்றும், சிரிக்காமல் போனால் இரண்டு சுற்றுக்குள் என்ன மனஸ்தாபம் என்று தோன்றும். புருவத்தைக் கொஞ்சம் தூக்கலாம். புருவத்தைத் தூக்கினாள். எதிரே வந்த மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் வேறு எங்கேயும் இவ்வளவு பேர் அவளைத் தெரிந்து வைத்திருக்கவில்லை. அதை நினைத்தால் ஒரே சமயத்தில் சந்தோஷமும் பயமும் வந்தன. வெயில்தான் முதலில் அவளை இங்கே தள்ளிவிட்டது, வெயில் இல்லாததுதான் என்று சொல்ல வேண்டும். வீட்டு மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, எங்கெங்கோ எடுத்த தெருப் படங்களில், அதற்கு அடையாளம் கற்றுக்கொடுக்க, மனிதர்களைச் சுற்றிக் கட்டம் போடுகிற வேலை. இது மனிதர், இது நாய், இது நிறுத்தியிருக்கும் வண்டி. நாளெல்லாம் எத்தனையோ மனிதர்கள், ஒருத்தரும் இவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும் என்று இருந்தவளுக்குக் காலும் முதுகும் வலி எடுத்து, தூக்கம் போய், ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், அவள் அம்மாவிடம், "பொண்ணை வெயிலே படாம ஜாடிக்குள்ள போட்டு மூடி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அம்மா அதை அவமானமாக எடுத்துக்கொண்டு மறுநாளே கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஒரு வாரத்தில் அம்மாவுக்குக் குதிகால் வலி வந்து நின்றுவிட்டாள். ரேணுகா நிற்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். அந்த வட்டத்தினால்தான். நடை முடிந்ததும் புல்தரையில் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் நடுவில் நிற்பார். அவர் என்ன செய்கிறாரோ அதை மற்றவர்கள் செய்ய வேண்டும், அவ்வளவுதான், வாயைத் திறக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு டிரில் மாஸ்டர் ஒன், டூ என்று கத்திப் பயிற்சி கொடுத்தாராம். எதிர்வீட்டில் பிறந்திருந்த கைக்குழந்தை அந்தச் சத்தத்துக்கு விழித்து விழித்து அழுததாம். சத்தத்தை நிறுத்தினார்கள். பிறகு மாஸ்டர் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார், ஆளுக்கொரு நாள் நடுவில் நிற்பது என்று ஆயிற்று. குழந்தை இப்போது டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வேனில் போகிறது. வட்டத்தின் மௌனத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பேசாமல் இருப்பதற்காக யாரும் ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்காத ஓர் இடம். முதல் நாள் அந்த வட்டத்தில் நின்று கையைத் தூக்கியபோது, பக்கத்தில் இத்தனை கைகளும் சேர்ந்து தூக்கிய காற்று அவள் முகத்தில் பட்டது. அன்று ராத்திரி தூங்கினாள். மறுநாள் காலையில் பசித்தது, ஆறு இட்லி, அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. நேற்று நடுவில் நின்றவருக்கு, அவர் நடுவுக்குப் போவதற்கு முன்னால், வட்டத்தில் வலதுபக்கம் யார் நின்றாரோ அவர்தான் இன்று நடு. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ரேணுகா ஒரு வேலை செய்து வந்தாள். அன்றன்றைய நடு ஆள் யார் என்று நடக்கும்போதே பார்த்துக்கொண்டு, வட்டம் சேர்கிற நேரத்தில் மெல்ல அவருக்கு இடதுபக்கம் போய் நின்றுவிடுவாள். இடதுபக்கத்துக்கு முறை வர வட்டம் முழுக்கச் சுற்றி வரவேண்டும், அதற்குள் மறுநாள் வந்துவிடும், மறுநாள் அவள் வேறொருவருக்கு இடதுபக்கம். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். நேற்று ஆறுச்சாமி அண்ணன் முறை. அண்ணன் நடுவில் போய் நின்றால் அது ஒரு பஸ். இரண்டு கையையும் மேலே கம்பியைப் பிடிப்பதுபோல் நீட்டி, இல்லாத பஸ் இல்லாத வளைவில் திரும்பும்போது இடுப்பைச் சாய்த்து, பின்னால் வளைந்து டிக்கெட் கொடுத்து, கால் பெருவிரலில் எம்பி எம்பி மேட்டுத் தெருவெல்லாம் கூட்டிப் போவார். வட்டம் முழுக்கச் சாயும். அது ஆரம்பிப்பதற்கு முன்னால் பாப்பாத்தி அக்கா அவளிடம், "இன்னைக்குப் பழனி வரைக்கும் கூட்டீட்டுப் போயிருவாரு, சில்லறை வெச்சிருக்கியா கண்ணு?" என்றாள். ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக வெளியே வந்த சிரிப்பு, அடக்க அடக்கத் தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் நடுவுக்குப் போன இடத்துக்கு வலதுபக்கம் நின்றுகொண்டிருந்தாள். அப்போது நகர முடியாது. பஸ் கிளம்பிவிட்டது. சிரித்த நேரத்தில் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை. இத்தனை வாரம் பார்த்துப் பார்த்து நின்றதெல்லாம் ஒரு சிரிப்பில் போயிற்று.

"ஏன் கண்ணு, இன்னைக்கு எதுக்கெதுக்க வர்றே? எங்களையெல்லாம் எண்ணிப் பாக்கறயா?" பாப்பாத்தி அக்காதான். உழவர் சந்தைக்கு எதிரே முட்டைக்கடை வைத்திருக்கிறாள். நாலாவது முறை எதிர்ப்பட்டபோது நின்றே விட்டாள். ரேணுகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அக்கா திரும்பி அவளோடு அதே எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். "இப்படி நடந்தாலும் நல்லாத்தான் இருக்குது. எல்லாரு மூஞ்சியும் தெரியுது. அவுரு பாரு, பேங்க்காரரு, பல்லுக் கட்டீட்டாரு போல." பேங்க்காரர் புதுப் பல்லோடு சிரித்துக்கொண்டு போனார். "பயமா இருக்குதா?" என்று அக்கா அதே குரலில், பல்லைப் பற்றிப் பேசுவதுபோலவே கேட்டாள். ரேணுகா தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாத ஆட்டல். "எனக்கெல்லாம் மொத நாள் கைகாலு வரல கண்ணு. டீச்சராட்டப் போர்டுல வட்டம் போடத் தெரியுமா, கண்டக்டராட்டப் பஸ்ஸு ஓட்டத் தெரியுமா. நின்னேன் நின்னேன், அப்புறம் முட்டை எடுத்தேன்." "முட்டையா?" "ஆமா. குனிஞ்சு கூடையிலிருந்து கைக்கு மூணு மூணா எடுத்து, இந்தப் பக்கம் அட்டையில வெக்கறது. வேற என்ன தெரியும் எனக்கு. இவுங்களும் எடுத்தாங்க, எடுத்தாங்க, ஒரு லோடு எடுத்துட்டாங்க. அடுத்த நாள் ஒருத்தருக்கும் இடுப்பு நிமிரல. இதுல என்ன வேடிக்கைன்னா, ஆறுச்சாமி அண்ணன் ஒண்ணைக் கீழ போட்டுட்டேன்னு சொல்லி வருத்தப்பட்டாரு." ரேணுகா சிரிக்கவில்லை, சிரித்தால் என்ன ஆகும் என்று நேற்றே பார்த்தாயிற்று, ஆனால் தொண்டைக்குள் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. "உனக்குத் தெரிஞ்சதைப் பண்ணு, போ. யாரு கேக்கறா?" என்று சொல்லிவிட்டு அக்கா பேங்க்காரரிடம் பல்லைப் பற்றி விசாரிக்க மறுபடி திரும்பிப் போனாள், எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறாள், நெற்றியில் கூடத் தட்டிக்கொள்ளாமல்.

எனக்குத் தெரிந்தது. எனக்கு என்ன தெரியும். ஒரு விரலால் மவுஸை அழுத்தத் தெரியும். நடுவில் போய் நின்று ஒற்றை விரலை அழுத்தினால் வட்டம் முழுக்க ஒற்றை விரலை அழுத்தும், அரை மணி நேரம், அதில் யாருக்கு என்ன ஆரோக்கியம். மனிதர், நாய், வண்டி. இன்றைக்கு அவள்தான் படம். நாற்பது பேர் அவளைச் சுற்றிக் கட்டம் போடுவார்கள், கட்டத்துக்குள் ஈரச் சுடிதார், எண்ணெய் வழிகிற முகம், இறங்கிப் போகிற முகம். அண்ணன் சொன்னது பொய்யா? டைப்ரைட்டிங் வகுப்பில் ஒருநாள் மேடம் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாள், மறுநாளிலிருந்து போகவில்லை. பி.எட். முடித்து வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் மைக் பிடிக்கச் சொன்னார்கள், அதற்கு முதல் நாளே அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, வராத அம்மைக்காக இரண்டு வாரம் வீட்டில் வேப்பிலை வாசமில்லாமல் படுத்திருந்து, பிறகு போகவே இல்லை. எந்த இடத்திலும் அவளை யாரும் விரட்டியதில்லை. ஒரு நாள் போகாமல் இருப்பாள், மறுநாள் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போகாமல் இருப்பாள், மூன்றாம் நாள் இரண்டு நாளாக ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று. அப்படித்தான் இடங்கள் மூடிக்கொள்ளும். இன்று வெளியே போனால் இதுவும் மூடிக்கொள்ளும். இந்தப் புல், இந்தக் காற்று, பாப்பாத்தி அக்காவின் கண்ணு என்கிற சொல், நடை முடிந்து வாசலில் குடிக்கிற சுக்குக்காப்பி, ஆறு இட்லி, ராத்திரித் தூக்கம், எல்லாம். மறுபடி மாடி அறை. அவள் நடையின் வேகம் கூடியது. கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் எல்லோரும் செருப்புகளைக் கழற்றி விட்டிருந்தார்கள், புல்தரைக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும். அவளும் கழற்றினாள். கழற்றும்போதே ஓரமாக, கேட்டைப் பார்த்த மாதிரி கழற்றிவிட்டோமே என்று கவனித்தாள். கால்கள் எப்போதும் அவளுக்கு முன்னாலேயே யோசித்துவிடுகின்றன. புல்லில் பனி. உள்ளங்கால் சிலிர்த்து அந்தச் சிலிர்ப்பு முழங்கால் வரை ஏறியது.

வட்டம் சேர்ந்துவிட்டது. சேரும்போது யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் மிகவும் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். ஆறுச்சாமி அண்ணன் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். லீலாவதி டீச்சர் ஒரு காலை மட்டும் முன்னால் வைத்து நின்றார், வேண்டுமென்றால் போகிறேன், வேண்டாமென்றால் நிற்கிறேன் என்கிற கால். அந்தக் காலைப் பார்த்ததும் ரேணுகாவுக்கு என்னவோ ஆயிற்று. டீச்சரின் கால் தரையை விட்டு எழும்புவதற்குள் தன் கால்கள் நடப்பதைப் பார்த்தாள், புல்லில் பனி கலைந்து ஒரு பச்சைக் கோடு விழுந்தது, கோடு நடுவில் வந்து நின்றது. நின்றாள். இப்போது எல்லோரும் பார்த்தார்கள். காது சுட்டது. என்ன செய்யலாம் என்று நினைத்து வைத்திருந்தாளே, ஏதோ இருந்தது, கையைத் தூக்குவது, குனிவது, ஒன்றும் இல்லை, உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர். கை தானாகப் போய்த் துப்பட்டாவைச் சரிசெய்தது. வட்டம் முழுக்கத் துப்பட்டாவைச் சரிசெய்தது. சேலைக்காரிகள் முந்தானையை இழுத்துவிட்டார்கள். பேங்க்காரர் டி-சர்ட்டின் தோளில் இல்லாத துப்பட்டாவை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார், அக்கறையாக. ஐயோ, அது இல்லை என்று ரேணுகா உள்ளங்கையை நீட்டி ஆட்டினாள். எல்லோரும் உள்ளங்கையை நீட்டி ஆட்டினார்கள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். நாற்பது தலைகள் ஆடின, கழுத்துக்கு நல்லதுதான், அண்ணன் கழுத்தில் நரம்பு தெறிக்க ஆட்டினார். மூக்கைச் சொறிந்தாள். சொறிந்தார்கள். இதற்கு முடிவே கிடையாது, மூச்சு விட்டாலும் விடுவார்கள். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

இருட்டாக இருந்தது, உள்ளங்கையில் குழாய்த் தண்ணீரின் வாசனை. யாராவது சிரிக்கட்டும், அப்படியே திரும்பி நடந்துவிடலாம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு காகம் கத்தியது. பால் வண்டி ஒன்று கேட்டைத் தாண்டிப் போயிற்று. வெகு நேரம் போனபிறகு விரல்களுக்கு நடுவே கொஞ்சம் சந்து விட்டுப் பார்த்தாள். வட்டம் முழுக்க முகங்களே இல்லை. கைகள்தான் இருந்தன. மோதிரம் போட்ட கை, மருதாணிக் கை, சாக்பீஸ் பிடித்துப் பிடித்து விரல் வளைந்த கை. கைகளை இறக்கிவிட்டு நன்றாகப் பார்த்தாள். பாப்பாத்தி அக்காவாவது ஓட்டையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள், இல்லை, பெரிய இரண்டு கைகளையும் ஒரு சந்தும் விடாமல் அழுத்திப் பொத்தியிருந்தாள், மூக்குத்தி குத்தும் அப்படிப் பொத்தினால். அண்ணனின் வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. நடு ஆள் பொத்தினால் பொத்துவது, எடுத்தால் எடுப்பது, எடுத்தாளா என்று எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ரேணுகா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம், யாரையும் இப்படி நிம்மதியாகப் பார்த்ததே இல்லை. டீச்சரின் தோளில் முன்னால் விழுந்திருந்த நரைத்த பின்னலில் ஒரு கனகாம்பரம் இருந்தது. மருந்துக்கடைக்காரர் பனியனைத் திருப்பிப் போட்டிருந்தார். வெயில் புங்கமரத்தைத் தாண்டி வந்து முதலில் பேங்க்காரரின் மொட்டைத் தலையிலும், பிறகு வரிசையாக ஒவ்வொருவர் முழங்கையிலும் ஏறியது. கேட் திறந்துதான் இருந்தது. செருப்பு பக்கத்தில்தான், வட்டத்தைத் தாண்டினால் பத்தடி கூட இருக்காது. புல்லில் வெறுங்காலுக்குச் சத்தமும் வராது. அவர்கள் கண்ணைத் திறக்கும்போது அவள் தெருமுனை திரும்பியிருப்பாள். கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை ரொம்ப நேரம் தூக்கி வைத்ததில் டீச்சரின் முழங்கைகள் லேசாக நடுங்க ஆரம்பித்தன. டீச்சர் இறக்கவில்லை.

ரேணுகா வாயைத் திறந்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது, ஒருவரும் அசையவில்லை. செருமிக்கொண்டாள்.

"எல்லாரும் கையை எடுத்துட்டு என்னைப் பாருங்க" என்றாள்.